சிகிச்சை முடிந்த பிள்ளையைப் பாய்மரப் படகில் அனுப்புவது எப்படி?

பிரிட்டனில் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற பிள்ளை உள்ள பல வீடுகளுக்கு, ஏதாவது ஒரு நாள் மருத்துவமனைச் செவிலியர் வழியாக இந்தச் செய்தி வந்து சேர்கிறது: நான்கு நாள் பாய்மரப் படகுப் பயணம், கட்டணம் இல்லை, முன்பின் படகு ஏறியிருக்க வேண்டியதும் இல்லை. தமிழ் வீடுகளில் இதற்கு முதலில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். “இப்போதுதானே கீமோ முடிந்தது, கடலுக்கா அனுப்புவது?” துண்டுப் பிரசுரம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் சில மாதங்கள் ஒட்டியிருந்துவிட்டுக் காணாமல் போகிறது.

தன்னார்வலராக இந்தப் படகுகளில் சென்றவன் என்ற முறையில், அந்தப் பிரசுரம் காணாமல் போகும் முன்பே நீங்கள் முடிவெடுக்க உதவ வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். பெற்றோருக்கும் எழுதுகிறேன், பதினாறு வயதைக் கடந்து தன் முடிவைத் தானே எடுக்கக்கூடிய இளைஞருக்கும் எழுதுகிறேன்.

யார் நடத்துகிறார்கள்

எலன் மெக்கார்தர் புற்றுநோய் அறக்கட்டளை 2003இல் தொடங்கப்பட்டது. எலன் மெக்கார்தர் 1976இல், கடலே இல்லாத டார்பிஷயரில் பிறந்தவர். பள்ளி மதிய உணவுக் காசைச் சேர்த்து முதல் படகை வாங்கியவர். 2000–01இல் நடந்த வாந்தே குளோப் போட்டியில், எங்கும் நிற்காமல் தன்னந்தனியாக உலகைச் சுற்றி, 24 வயதில் இரண்டாம் இடம் பெற்றார். 2005இல் 71 நாள் 14 மணி நேரத்தில் உலகைத் தனியாகச் சுற்றி உலக சாதனையும் படைத்தார்.

அறக்கட்டளைக்கான எண்ணம் அவருக்குப் பிரான்சில் பிறந்தது. புற்றுநோய் கண்ட பிள்ளைகளைக் கடலுக்கு அழைத்துச் செல்லும் ‘ஆ ஷாக்கன் சோன் காப்’ என்ற பிரெஞ்சு அமைப்போடு 2000ஆம் ஆண்டில் அவர் படகில் சென்றார். அதையே பிரிட்டனிலும் செய்ய வேண்டும் என்று எண்ணி, மூன்று ஆண்டுகளில் செய்து காட்டினார். தளங்கள் இரண்டு: தெற்கே ஐல் ஆஃப் வைட் தீவில் உள்ள ஈஸ்ட் கௌஸ், வடக்கே ஸ்காட்லாந்தின் கிளைடு கழிமுகத்தில் உள்ள லார்க்ஸ். எட்டு வயதுப் பிள்ளைகள் முதல் இருபதுகளில் இருப்பவர்கள் வரை, வயதுக் குழுக்களாகப் பிரித்து அழைத்துச் செல்கிறார்கள். 2017இல் இந்த இளைஞர்கள் ஒரு குழு மாற்றி ஒரு குழுவாகப் படகேறிப் பிரிட்டன் முழுவதையுமே சுற்றி வந்தார்கள்.

முதலில் யாரிடம் கேட்பது

உங்கள் பிள்ளையின் சிறப்புச் செவிலியரிடம் கேளுங்கள். மருத்துவக் குழுவில் உங்கள் வீட்டைப் பற்றி அதிகம் தெரிந்தவர் அவர்தான். புற்றுநோய் கண்ட இளையோருக்கு உதவும் ‘யங் லைவ்ஸ் வெர்சஸ் கேன்சர்’ அமைப்பின் சமூகப் பணியாளர் உங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தால் அவரிடமும் பேசலாம். யாரும் தாமாகச் சொல்லவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். அறக்கட்டளையை நேரடியாகத் தொடர்புகொண்டு, பெயரைப் பதிவு செய்யும் வழியைக் கேட்கலாம்.

எப்போது போகலாம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். லுகேமியா என்ற இரத்தப் புற்றுநோய் கண்ட பிள்ளைகளுக்கு வீட்டிலேயே மாத்திரை கொடுக்கும் பராமரிப்புச் சிகிச்சை நீண்ட காலம் தொடரும். மூளைக்கட்டிக்கு அறுவை செய்துகொண்டவர்களுக்கு நடையும் சமநிலையும் தேற நாளாகும். ஒரே நாளில் சிகிச்சை முடித்த இரண்டு பேர் ஒரே நாளில் படகேறத் தகுதி பெறுவதில்லை. “அடுத்த கோடைக்குள் இவளால் போக முடியுமா, எது தடையாக இருக்கும்?” என்று அடுத்த பரிசோதனையின்போது குறிப்பாகக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். பிரிட்டனில் பாய்மரப் பயணம் பெரும்பாலும் வசந்தத்தின் இறுதி முதல் இலையுதிர் காலத் தொடக்கம் வரைதான். அதனால் குளிர்காலத்திலேயே கேட்டுவைப்பது நல்லது.

இன்னொன்று: பிள்ளையிடமும் கேட்டுவிடுங்கள். சிகிச்சைக் காலம் முழுவதும் ஊசி, ஸ்கேன், உணவு, தூக்கம் எல்லாவற்றையும் பெரியவர்கள் முடிவு செய்தார்கள். இதையாவது அவர்கள் முடிவு செய்யட்டும். தயங்கினால் காரணத்தைக் கேளுங்கள். முடி இன்னும் முளைக்கவில்லை என்பதோ, தெரியாத இடத்தில் சிறுநீர்ப்பை ஏமாற்றிவிடுமோ என்பதோ, கழுத்துத் தழும்பை யாராவது பார்ப்பார்களே என்பதோ காரணமாக இருக்கலாம். பெரியவர்கள் கடலை நினைத்துப் பயந்துகொண்டிருக்கும்போது, பிள்ளையின் மனதில் இருப்பது பெரும்பாலும் இப்படி ஒன்றாகத்தான் இருக்கும்.

படிவம்: இங்கே எதையும் மறைக்கக் கூடாது

மருத்துவப் படிவத்தை நிரப்பும் மாலைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். படகில் பயிற்சி பெற்ற ஸ்கிப்பரோடு (படகுத் தலைவரோடு) தன்னார்வலர்களும், பயணத்தில் மருத்துவப் பணியாளர்களும் இருப்பார்கள். அவர்கள் உங்கள் பிள்ளையை அறியப்போவது இந்தத் தாள்கள் வழியாகத்தான். நம் வீடுகளில் நோயின் பெயரை உறவினரிடமே சொல்லாமல் மறைக்கும் பழக்கம் உண்டு. அதற்கான காரணங்களும் எனக்குத் தெரியும். இந்தப் படிவத்தில் மட்டும் அந்தப் பழக்கம் வேண்டாம்.

மருந்து செலுத்துவதற்காக நெஞ்சில் பொருத்திய ஹிக்மன் குழாயோ தோலுக்கடியில் வைத்த போர்ட்டோ இன்னும் இருந்தால் எழுதுங்கள். லைஃப் ஜாக்கெட்டின் பட்டை அதன் மேல் அழுந்தாதபடி சரிசெய்ய வேண்டியிருக்கும். குழாய் நனையலாமா கூடாதா என்பதற்கு மருத்துவமனையிடமிருந்தே பதில் வாங்கிக் குறியுங்கள்.

வின்கிறிஸ்டின் என்ற கீமோ மருந்து பெற்றவர்களுக்கு விரல் நுனியும் பாதமும் மரத்துப்போயிருக்கலாம். அப்படியானால் கயிறு உராய்ந்து தோல் உரிவது அவர்களுக்கு உடனே தெரியாது, ஈரமான தளத்தில் கால் பிடிமானமும் குறைவு. கையுறையும் நல்ல காலணியும் இவர்களுக்குக் கட்டாயம். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து பெற்றவர்களுக்குக் கேட்கும் திறன் குறைந்திருக்கலாம்; காற்றிலும் எஞ்சின் சத்தத்திலும் “தலையைக் குனி” என்ற கூவல் காதில் விழாமல் போனால் ஆபத்து. முன்கூட்டியே தெரிந்தால், கை சாடையை முதல் நாளே பேசிவைத்துக்கொள்வார்கள். டாக்சோரூபிசின் போன்ற, இதயத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து பெற்றிருந்தால், பளுவான கயிற்றை இழுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டு அந்தப் பதிலை எழுதுங்கள்.

மிகவும் கவனிக்க வேண்டியவர்கள், உடல் போதிய அளவு சுரக்காத ஹார்மோனுக்கு ஈடாகத் தினமும் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள். மூளைக்கட்டிச் சிகிச்சையில் பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டவர்கள் பலர் இதில் அடங்குவர். கடலில் வாந்தி வந்தால் மாத்திரை வயிற்றில் தங்காது. மற்றவர்களுக்கு அது சிரமம், இவர்களுக்கு அது உயிராபத்து. அவசர ஊசி, எப்போது போட வேண்டும் என்ற எழுத்துக் குறிப்பு, யாரை அழைப்பது என்ற விவரம் மூன்றும் பையில் இருக்க வேண்டும், மருத்துவப் பணியாளரின் கையில் நேரடியாகத் தரப்பட வேண்டும்.

வீட்டு மருந்துகளையும் எழுதுங்கள். சித்த மருந்து, ஆயுர்வேத லேகியம், ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த பொடி எதுவாக இருந்தாலும் சரி. திட்டுவார்களோ என்று பயப்பட வேண்டாம், அவர்களுக்கு வேண்டியது தகவல் மட்டுமே.

சைவ உணவு, ஹலால், ஒவ்வாமை ஆகியவற்றைத் தெளிவாகக் குறியுங்கள். ‘சைவம்’ என்றால் முட்டை உண்டா இல்லையா என்பதையும் சொல்லுங்கள். நீச்சல் தெரியாது என்றால் தெரியாது என்றே எழுதுங்கள். நீந்தத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் ஒரே லைஃப் ஜாக்கெட்டைத்தான் அணிகிறார்கள்.

படிவம் அனுப்பிய பிறகும் ஒரு பொறுப்பு மீதி இருக்கிறது. பயணத்துக்கு முந்தைய வாரங்களில் உங்கள் வீட்டிலோ, நீங்கள் போய்வந்த உறவினர் வீட்டிலோ யாருக்காவது சின்னம்மை வந்தால் உடனே மருத்துவமனைக்கும் அறக்கட்டளைக்கும் தொலைபேசியில் சொல்லுங்கள். ‘அம்மா வந்திருக்கிறாள்’ என்று மஞ்சள் நீர் தெளித்துக்கொண்டு வெளியே சொல்லாமல் இருப்பது நம் வழக்கம். எதிர்ப்புச் சக்தி குன்றிய பிள்ளைகள் ஒரே கேபினில் தூங்கும் இடத்துக்கு அந்தக் கிருமி போய்ச் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். 38 டிகிரியைத் தொடும் காய்ச்சலுக்கும் இதே விதிதான்: பயணம் தவறிவிடுமே என்று பாரசிட்டமால் கொடுத்து அனுப்பவே கூடாது. பயணத்தை இன்னொரு முறை வைத்துக்கொள்ளலாம்.

பையில் என்ன வைப்பது

சக்கரம் வைத்த கெட்டியான பெட்டி வேண்டாம். படகில் அதை வைக்க இடமே கிடையாது. மடக்கிச் சுருட்டக்கூடிய துணிப்பைதான் சரி.

ஜூலையிலும் கடல்காற்று குளிரும். தெற்கு இங்கிலாந்தில் கோடைக் கடல்நீரின் வெப்பம் ஏறத்தாழ 17, 18 டிகிரிதான், ஸ்காட்லாந்தில் அதைவிடக் குறைவு. ஜீன்ஸ் நனைந்தால் பளுவாகிக் குளிர்ந்து, நாள் முழுக்கக் காயாது. மெல்லிய உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவதும் கம்பளி அல்லது ஃபிளீஸ் மேலாடையும் உதவும். மேலே அணியும் நீர்புகா உடையையும் லைஃப் ஜாக்கெட்டையும் அங்கேயே தருகிறார்கள், புதிதாக வாங்கிச் செலவு செய்ய வேண்டாம். தளத்தில் கறுப்புத் தடம் பதிக்காத ரப்பர் அடிப்பாகம் கொண்ட காலணி ஒன்று, கரையில் அணிய இன்னொன்று. செருப்பு கூடாது, விரல்கள் இரும்பு வளையங்களில் இடித்துக்கொள்ளும்.

சன்ஸ்கிரீன் நமக்கெதற்கு, கறுப்புத் தோல்தானே என்று நினைப்பவர்கள் நம்மில் பலர். மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தை எடுப்பவர்களின் தோல் வெயிலை எளிதில் தாங்காது. கதிர்வீச்சு பட்ட இடம் ஆண்டுகள் கழிந்தும் மென்மையாகவே இருக்கும். தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயில் தாடைக்கு அடியிலும் சுடும். அதனால் நல்ல சன்ஸ்கிரீன், உதட்டுக்கு ஒன்று, தாடையில் கட்டும் கயிறுள்ள தொப்பி. விக் அணிபவர்கள் மெல்லிய பருத்தித் துணித் தொப்பி ஒன்றைக் கூடுதலாக எடுத்துச் செல்லட்டும். பலர் இரண்டாம் நாளே விக்கைப் பையில் போட்டுவிடுகிறார்கள், அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

காது கேட்கும் கருவிக்குக் கூடுதல் பேட்டரி, உப்புநீர் புகாத சிறு டப்பா, சட்டையோடு பிணைக்கும் கிளிப் வேண்டும். செயற்கைக் கால் அணிபவர் உள்ளுறையில் இன்னொரு ஜோடியை எடுத்துவைக்க வேண்டும், உப்பு ஈரம் பட்டால் தோல் புண்ணாகும். மருந்துகள் மருந்துக்கடைப் பெட்டியிலேயே, பெயரும் அளவும் தெரியும்படி, பயணநாட்களுக்கு மேல் ஓரிரு நாளுக்கும் சேர்த்து இருக்கட்டும்.

போய்ச் சேர்வது

ஈஸ்ட் கௌஸுக்கு லண்டன் வாட்டர்லூவிலிருந்து சவுத்தாம்டன் வரை ரயில் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல், பிறகு கார் ஏற்றும் ஃபெரியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். சவுத்தாம்டனில் வேகப் படகு ஒன்றும் உண்டு. அது மெடினா ஆற்றின் எதிர்க்கரையில், வெஸ்ட் கௌஸில் இறக்கிவிடும். அங்கிருந்து சங்கிலி ஃபெரியில் ஆற்றைக் கடக்க வேண்டும். முதன்முறை போகிறவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கம். லார்க்ஸுக்கு கிளாஸ்கோ சென்ட்ரலிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பல பிள்ளைகள் தங்கள் மருத்துவமனைக் குழுவோடு சேர்ந்து வருகிறார்கள். உங்களுக்கு என்ன ஏற்பாடு என்பது பயணக் கடிதத்தில் இருக்கும், இரவு தங்குமிடமும் அதில் இருக்கும்.

பெற்றோர் படகில் ஏறுவதில்லை. இது பலருக்குக் கடினம். வழியனுப்பும் இடத்தில் நீண்ட நேரம் நிற்காமல் கிளம்பிவிடுங்கள். நீங்கள் நிற்கும் வரை பிள்ளை உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும், பக்கத்தில் நிற்கும் இன்னொரு பிள்ளையின் முகத்தைப் பார்க்காது. தினமும் இரவில் ஒரு குறுஞ்செய்தி என்று முன்பே பேசிவைத்துக்கொண்டால் இருவருக்கும் நிம்மதி. கடலில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது, பதில் வரத் தாமதமானால் பதற வேண்டாம்.

முதல் மணி நேரம்

இனி வருவது இளைஞர்களுக்கு. ஏறியவுடன் ஸ்கிப்பர் எல்லாரையும் உட்காரவைத்துப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவார். அந்தப் பேச்சைக் கவனமாகக் கேளுங்கள், புரியாததை அங்கேயே கேட்டுவிடுங்கள்.

லைஃப் ஜாக்கெட் உங்கள் உடலுக்குச் சரிசெய்யப்படும். நெஞ்சுப் பட்டைக்குள் ஒரு கை மட்டும் நுழையும் இறுக்கம் போதும், கால்களுக்கு இடையில் வரும் பட்டையையும் மாட்ட வேண்டும். தழும்போ குழாயோ இருக்கும் இடத்தில் உறுத்தினால் சொல்லுங்கள். பொறுத்துக்கொள்வது இங்கே நல்ல குணம் ஆகாது.

பாயின் அடியில் கிடையாகக் கிடக்கும் நீளக் கம்பத்துக்கு பூம் என்று பெயர். படகு திரும்பும்போது அது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வீசியடிக்கும். படகிலேயே தலைக்கு ஆபத்தான பொருள் அதுதான். அது எங்கே இருக்கிறது என்பதை எப்போதும் தெரிந்துகொண்டு நகருங்கள்.

பாயின் கயிறுகளை இறுக்க உதவும் உருளைக்கு வின்ச் என்று பெயர். கயிற்றை அதில் கடிகாரச் சுற்றாகச் சுற்றி, கைப்பிடியைப் போட்டுத் திருக வேண்டும். காற்று நிறைந்த பாயின் பளு முழுவதும் அந்தக் கயிற்றில் இருக்கும். உருளைக்கும் கயிற்றுக்கும் இடையில் விரல் போகக் கூடாது. தளத்தில் நடக்கும்போது ஒரு கையால் எதையாவது பிடித்துக்கொண்டே நடங்கள். கழிவறையில் கைப்பம்பு இருக்கும். எப்படி இயக்குவது என்று காட்டுவார்கள். அது அடைத்துக்கொண்டால் பிரிக்க வேண்டியவர் பாவம், சொன்னதைத் தவிர எதையும் அதில் போட வேண்டாம்.

கடலில் குமட்டினால்

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏனென்றால் கீமோ பெற்றவர்களுக்கு வாந்தி என்பதே வேறு பொருள் கொண்டது. சிலருக்கு மருத்துவமனை வாசலைக் கண்டாலே குமட்டும். கடலில் முதல் குமட்டல் வந்ததும், பழையது திரும்பிவிட்டது என்று உடல் பதறும்.

இது அதுவல்ல என்பதை வீட்டிலேயே பேசிவிடுங்கள். உட்காதும் கண்ணும் மூளைக்கு ஒன்றுக்கொன்று ஒவ்வாத செய்தி அனுப்புவதால் வருவது இது. கரையைத் தொட்டதும் பெரும்பாலோருக்கு விரைவில் போய்விடும். மிதமான கடலில் நன்றாகப் பழகிய மாலுமிக்கும் வரும்.

வீட்டில் மீதமிருக்கும் ஒன்டான்செட்ரான் இதற்குக் கேட்காது. கீமோ வாந்தியை நன்றாக அடக்கும் அந்த மருந்து, பயணக் குமட்டலில் பெரிதாக உதவுவதில்லை. இதற்கு சின்னரிசின், ஹயோசின் போன்ற வேறு மருந்துகள் உண்டு. உங்கள் பிள்ளை எடுக்கும் மற்ற மருந்துகளோடு அவை ஒத்துப்போகுமா என்பதை மருத்துவமனை மருந்தாளரிடம் கேட்ட பிறகே கொடுக்க வேண்டும். கொடுப்பதென்றால் படகு கிளம்பும் முன்பே கொடுக்க வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு விழுங்கினால் வயிறு ஏற்காது. இஞ்சி மரப்பா சிலருக்கு ஆறுதலாக இருக்கிறது, அதையும் கேட்டுவிட்டே வையுங்கள்.

குமட்டல் தொடங்கினால் கீழே கேபினுக்குள் போய்த் தொலைபேசியைப் பார்ப்பதுதான் மிக மோசமான வழி. மேலே, காற்றோட்டத்தில், படகின் நடுப்பகுதியை ஒட்டி உட்காருங்கள். தொடுவானத்தைப் பாருங்கள். ஸ்கிப்பரிடம் சொல்லுங்கள், பெரும்பாலும் உங்கள் கையில் சுக்கானைத் தருவார். சுக்கான் பிடித்தவருக்குக் குமட்டல் குறைவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அடுத்த அலை எப்படித் தூக்கும் என்பதை உடல் முன்பே எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறது. காலையில் வெறும் வயிற்றோடு இருக்காமல் உலர்ந்த ரொட்டி, பிஸ்கட் ஏதாவது சாப்பிடுங்கள். வாந்தி வந்தே தீரும் என்றால் வாளியைக் கேளுங்கள், தனியாக விளிம்புக்குப் போகாதீர்கள். மருந்து விழுங்கிய சிறிது நேரத்தில் வாந்தி எடுத்திருந்தால் மருத்துவப் பணியாளரிடம் உடனே சொல்லுங்கள்.

நான்கு நாளும் என்ன செய்வது

வேலை செய்வீர்கள். இந்தப் பயணத்தைப் பற்றி நான் சொல்ல விரும்புவது முக்கியமாக இதைத்தான். யாரும் உங்களை உட்காரவைத்துக் கடலைக் காட்டிவிட்டுத் திரும்பி அழைத்து வருவதில்லை. பாய் ஏற்றுவது, சுக்கான் பிடிப்பது, கயிறு சுருட்டுவது, வரைபடத்தில் இடம் குறிப்பது, சமைப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் உங்களுடையவை. நீண்ட காலம் படுக்கையில் கிடந்து, எல்லாவற்றையும் பிறர் செய்யப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு, ‘உன் கயிற்றை நீ விட்டால்தான் படகு திரும்பும்’ என்ற நிலை எவ்வளவு பெரியது என்பதை அருகில் நின்று பார்த்தால்தான் தெரியும். அதனால் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: “அவளுக்கு எதுவும் பளுவாகக் கொடுக்காதீர்கள்” என்று பொதுவாகச் சொல்லி அனுப்பாதீர்கள். மருத்துவர் சொன்ன வரம்பு எதுவோ அதை மட்டும் சொல்லுங்கள்.

பாய்மரப் படகு காற்றுக்கு நேர் எதிராகப் போகாது. சாய்வாக ஒரு பக்கம் ஓடி, திரும்பி, மறுபக்கம் ஓடி, இப்படி வளைந்து வளைந்துதான் முன்னேறும். ஒவ்வொரு திருப்பத்திலும் சுக்கான் பிடித்தவர் கூவ, ஒருவர் அதுவரை பாயை இறுக்கிப் பிடித்திருந்த கயிற்றைத் தளர்த்த, இன்னொருவர் எதிர்க்கயிற்றை இழுக்க வேண்டும். முதல் சில திருப்பங்களில் பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும், யார் எந்தக் கயிறு என்று குழம்புவீர்கள். மாலைக்குள் கைகள் தாமாகவே வேலை செய்யும். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடுவது கண்டு பயப்பட வேண்டாம். அடியில் உள்ள கனத்த கீல் அதை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளும், சாய்வு அதிகமானால் பாயைத் தளர்த்திவிடுவார்கள்.

தெற்கில் நீங்கள் போவது சோலன்ட் நீரிணையில். ஐல் ஆஃப் வைட் தீவு தென்மேற்குப் பெரிய அலைகளைத் தடுத்துவிடுவதால் புதியவர்களுக்கு ஏற்ற கடல் இது. ஆனால் நீரோட்டம் வலுவானது. ஓதம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பார்த்துத்தான் காலையில் எங்கே போவது என்று முடிவு செய்வார்கள். சவுத்தாம்டனுக்குள் வரும் பெரும் சரக்குக் கப்பல்களுக்கு வழிவிட்டு ஒதுங்க வேண்டும். அவை அருகில் கடக்கும்போது எத்தனை உயரம் என்று அண்ணாந்து பார்ப்பீர்கள். லார்க்ஸிலிருந்து புறப்பட்டால் எதிரே கம்ப்ரே தீவு, அதற்கப்பால் பியூட், ஆரன் தீவுகள். அங்கே நீர்நாய்களும் கடல்நாய்களும் கண்ணில் படலாம், மழையும் நிச்சயமாகப் படும்.

களைப்பு வரும். சிகிச்சைக்குப் பிந்தைய களைப்பு தூங்கினாலும் போகாத வகை என்பது படகில் உள்ள அனைவருக்கும் தெரியும். அதனால் ‘எனக்கு இப்போது படுக்க வேண்டும்’ என்று சொல்வதற்கு விளக்கம் தேவைப்படாது. உண்மையில், இந்தப் பயணத்தில் பாதி அதுதான். பள்ளியில் நீங்கள் ஒருவர் மட்டுமே புற்றுநோய் கண்டவர். இங்கே பக்கத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிப்பவருக்கும் அதே ஊசி, அதே வாந்தி, அதே பயம் தெரியும். யாரும் வட்டமாக உட்காரவைத்து உங்கள் கதையைச் சொல்லச் சொல்வதில்லை. சொல்லத் தோன்றினால் இரவுச் சமையலின்போது பேச்சு தானாக வரும், தோன்றாவிட்டால் சீட்டாடலாம்.

திரும்பிய பிறகு

முதல் இரண்டு நாள் தூங்கவிடுங்கள். கரையில் நின்றாலும் தரை ஆடுவதுபோல் தோன்றும், அது போய்விடும். காய்ச்சலோ, குழாய் இருந்த இடத்தில் சிவப்போ, கையில் ஆறாத உராய்வுப் புண்ணோ இருந்தால் மருத்துவமனையின் அவசர எண்ணை அழையுங்கள்.

பிள்ளை உங்களிடம் நிறையப் பேசாமலும் இருக்கலாம். தொலைபேசியில் புதிய நண்பர்களோடு மணிக்கணக்கில் பேசும். அதைத் தடுக்காதீர்கள். அந்த நட்பில் ஒரு வலியும் உண்டு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்: அந்தக் குழுவில் யாருக்காவது நோய் திரும்பலாம். அந்தச் செய்தி வீட்டுக்கு வரும் நாளில் மறைக்காமல் உட்கார்ந்து பேசுங்கள், சிறப்புச் செவிலியரிடமும் சொல்லுங்கள்.

ஒரு முறை போனவர்கள் மீண்டும் போகலாம். அறக்கட்டளை அவர்களைத் தொடர்ந்து அழைக்கிறது. வயது வந்த பிறகு பலர் தன்னார்வலராகவே திரும்பி வந்து, புதிதாக வரும் பிள்ளையின் லைஃப் ஜாக்கெட்டைச் சரிசெய்கிறார்கள்.

உதவ விரும்புகிறவர்களுக்கு

படகோட்டத் தெரியாதவர்களுக்கும் இடம் உண்டு. மருத்துவர், செவிலியர் என்றால் கட்டாயம் விசாரியுங்கள். படகு அனுபவம் வேண்டுமானால் பிரிட்டனின் படகோட்ட அமைப்பான ராயல் யாட்டிங் அசோசியேஷனின் தொடக்கநிலைக் குழுப்பணிப் பயிற்சியில் சேரலாம், அது நாடெங்கும் கிடைக்கிறது. பிள்ளைகளோடு பணியாற்ற குற்றப் பின்னணி இல்லை என்று சரிபார்க்கும் டிபிஎஸ் சோதனை இங்கிலாந்திலும், அதைப் போன்ற பிவிஜி பதிவு ஸ்காட்லாந்திலும் தேவை. தமிழ் பேசும் தன்னார்வலர் ஒருவர் இருப்பது, ஆங்கிலத்தில் தயங்கும் அம்மாவோ அம்மம்மாவோ தொலைபேசியில் அழைக்கும்போது பெரிய உதவியாக இருக்கும்.

புற்றுநோய் அல்லாத வேறு நோயோ உடற்குறைபாடோ உள்ள பிள்ளை என்றால் இந்த அறக்கட்டளை பொருந்தாது. அதே ராயல் யாட்டிங் அசோசியேஷன் நடத்தும் ‘செயிலபிலிட்டி’ திட்டத்தில் மாற்றுத்திறனாளிகள் நாடெங்கும் உள்ள சங்கங்களில் படகோட்டலாம். சக்கர நாற்காலியிலிருந்து ஏற்ற உதவும் தூக்கியும், கவிழாத சிறுபடகும் பல சங்கங்களில் இருக்கின்றன. அருகிலுள்ள சங்கத்துக்குத் தொலைபேசி செய்து, பிள்ளையின் உயரம், எடை, எந்தக் கை வலுவானது, உட்காரும்போது முதுகுக்குத் தாங்கல் வேண்டுமா என்ற விவரங்களைச் சொன்னால், எந்தப் படகு பொருந்தும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.